உறை மடித்தவர்

இயலாதவர்களுக்கு வீட்டு உதவிக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிதான் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது. மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் செங்கல் யூனிற்றுகளில் கடைசி யூனிற். 2010ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. விடியமுதல் எழும்பி, ஒரு முதியவரைக் குளிக்கவார்த்து, இன்னொருவருக்குக் காலைச் சாப்பாடு தீத்திவிட்டுத்தான் அங்கே போய்ச் சேருவேன். கதவைத் தட்டும்போதே இடுப்பும் நாரியும் விட்டுப்போயிருக்கும்.

"பார்த்து வாரும், லவ். பெட்டியில இடிபடாதேயும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது.

கொரிடோரின் ஒரு பக்கம் முழுவதும் காட்போர்ட் பெட்டிகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போகலாம். முன்னறையில் அவர் இருந்தார். அறுபது வயதை அடுத்த வெள்ளைக்காரப் பெண். மூட்டுவாதம் அவருடைய விரல்களைத் திருகிப்போட்டிருந்தது. பத்து விரலும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. வட இங்கிலாந்தில் ஒரு பழைய ஆலைநகரத்தில் பிறந்தவராம். அங்கே கடைக்காரர், பஸ் சாரதி, முன்பின் தெரியாதவர் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்களாம். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கிழமைக்கு இரண்டு காலை. குளிக்கவார்ப்பது, உடுப்புத் தோய்ப்பது, வக்கூம் பிடிப்பது, மத்தியானத்துக்கு ஏதாவது சமைத்து மூடிவைப்பது. முதல் சில மாதங்கள் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவருக்குப் பேச அலுப்பு, எனக்குக் கேட்க அலுப்பு. அந்த அமைதிக்காகவே அங்கே போவது எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டிகள்தான் தொல்லை. வக்கூமை அவற்றின் ஓரமாக நெளித்து நெளித்து இழுக்கவேண்டும். அவருடைய நடைவண்டியும் அவற்றில் முட்டும். ஒருநாள் பொறுக்காமல், "இதுகளைக் கவுன்சிலுக்குச் சொல்லி எடுப்பிக்கட்டோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "மேலே இருக்கிற பெட்டியைத் திறவும்."

உள்ளே சின்ன இசைத்தட்டுகள். ஒவ்வொன்றும் மடித்த தடித்த கடதாசிக்குள், அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக அச்சடித்த படங்கள்: ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி, ஒரு வெற்றுக் கதிரை, யாரோ ஒருவரின் முழங்கை. ஒன்றை மெஷினில் போடச் சொன்னார். தகரத்தில் அடிப்பதுபோல் ஒரு ட்ரம். அதற்குக் கீழே தடித்த கம்பியுள்ள கித்தார் ஒன்று இழுபட்டுக்கொண்டு போனது. அதற்கு மேல் ஓர் ஆள் பாடவில்லை, யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"எப்படி?" என்றார்.

"வித்தியாசமாக இருக்கு" என்றேன். ஏஜென்சிப் பயிற்சியில் சொல்லித்தந்த மரியாதை அது.

"இது என்னுடைய கம்பனி" என்றார் அவர். "என்னுடையதும் இன்னொருவனுடையதும்."

அதிலிருந்துதான் அந்தக் கதை துண்டுதுண்டாக வரத் தொடங்கியது. முதுகு தேய்க்கும்போது ஒரு துண்டு, சூப் ஆறும்போது இன்னொரு துண்டு.

எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் என்ற கூச்சலிசை ஒரு காட்டுத்தீபோல எரிந்து அடங்கிய நேரம். அந்தச் சூட்டில் ஊர் ஊராகப் பெடியளும் பெட்டையளும் கித்தாரைத் தூக்கிக்கொண்டு, முதல் வந்தவர்களைவிட வேறுமாதிரி, இன்னும் கோணலாக, இன்னும் இருட்டாக எதையோ செய்துபார்த்தார்கள். அதற்குப் போஸ்ட் பங்க் என்று பிறகு பெயர் வைத்தார்களாம். "அந்த நேரம் எங்களுக்கு அப்பிடி ஒரு பெயரும் தெரியாது. குளிர் எண்டு மட்டும் தெரியும்" என்றார். பெரிய கம்பனிகள் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவர் நகரசபையில் தட்டச்சு வேலை பார்த்தார். இவருடைய காதலன் ஓர் இசைத்தட்டுக் கடையில் நின்றான். இருவருமாக, உடுப்புத் தோய்க்கும் ஒரு லோன்றிக்கு மேலே இருந்த தங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு சின்ன லேபிளைத் தொடங்கினார்கள். லேபிள் என்றால் இசைத்தட்டு வெளியிடும் கம்பனிதான். இவர்களுடையதில் ஒரு மேசை, ஒரு பழைய வான் வண்டி, இரண்டு ஆட்கள்.

அவன் பாண்ட் என்ற இசைக்குழுக்களைத் தேடிப்பிடித்தான், பத்திரிகைக்காரருடன் பேசினான். அவனுக்கு வான் ஓடத் தெரியாது. இவர்தான் இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலைக்கு ஓடிப்போய் ஏற்றி வருவார். கடதாசி உறைகள் தட்டையாக அச்சடித்து வரும். அவற்றை மடித்து, ஓரத்துக்குப் பசை பூசி, தட்டை உள்ளே வைத்து, பிளாஸ்ரிக் உறையில் போடவேண்டும். பின்னேரங்களில் பாண்ட்காரர், பக்கத்து வீட்டார், லோன்றிக்கு வந்து உடுப்புக் காயும்வரை காத்திருந்தவர்கள் என்று எல்லாரையும் மேலே கூப்பிட்டு, ரீயும் ரோஸ்ற்றும் கொடுத்து மடிக்கவைப்பாராம்.

"ஆனா மிச்சத்தை ஆர் மடிச்சது எண்டு நினைக்கிறீர்?" என்று தன் விரல்களைத் தூக்கிக் காட்டினார். "டொக்டர் அதால இல்லையெண்டுதான் சொல்றார். நான் இந்தக் கையை உறை மடிச்சே முடிச்சன் எண்டு நினைக்கிறனான்."

ஒரு பாட்டை வானொலியில் போட்டார்கள். உலகத்தின் எங்கெங்கோ இருந்தெல்லாம் கடிதங்கள் வந்தன. அந்தப் பாண்டைப் பெரிய கம்பனியொன்று கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவன் லண்டனுக்குப் போகவேண்டும் என்றான். இவருடைய தாய் படுக்கையில் கிடந்தார், போக முடியவில்லை. கம்பனி அவனோடு போனது. இவர் நகரசபை வேலையோடேயே தங்கிவிட்டார். சில வருடங்களில், தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம் விழுந்து, அவர்களுடைய லேபிளும் அதோடு சேர்ந்து விழுந்தது. தாய் போனபின் இவர் மெல்பேர்னில் இருந்த தமக்கையிடம் வந்தார். தமக்கையும் பிறகு போய்விட்டார். மிஞ்சியது கொரிடோரில் இருந்தது.

2011 கடைசியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. போர் முடிந்தபின் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, இரண்டு வருடமாகத் தடுப்பு முகாமில் இருந்த என் தம்பியைத் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். எங்கள் ஹோலில் இருந்த சோபாவில் படுத்துக்கொண்டு, அடுத்த அகதி விசாரணைக்குக் காத்திருந்தான். அதே கிழமை இங்கிலாந்திலிருந்து இவருக்கு ஓர் ஈமெயில் வந்தது. அந்த லேபிளின் வரலாற்றை ஓர் ஆள் புத்தகமாக எழுதுகிறாராம். அநேகமாக முடிந்துவிட்டதாம். இவர் இருக்கும் இடம் இப்போதுதான் தெரியவந்ததாம். கேள்விகள் நீளமாக இருந்தன.

"எனக்கு ஒரு பதிலை அடிக்க ஒரு கிழமை எடுக்கும்" என்றார். "வேலை முடிஞ்சபிறகு கொஞ்சநேரம் இருந்து அடிச்சுத் தருவீரோ? ஏஜென்சிக்குச் சொல்லாம."

எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போலிருந்தது. தட்டச்சும் எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அந்தக் கோடை முழுவதும், இலையுதிர்காலத்திலும், அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நடுவில் களைத்துப்போய் நிறுத்துவார். நானும் அதுவரைக்கும் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுவேன். ஒருமுறை இருவருமே நித்திரையாகிவிட்டோம்.

எழுத்தாளர் திரும்பத் திரும்ப மாதம் கேட்டார். முதல் தட்டு எந்த மாதம் வந்தது? எந்த மாதம் அவர்கள் பிரிந்தார்கள்?

"ஆருக்கு மாதம் ஞாபகமிருக்கு?" என்றார் அவர். "லோன்றிக்காரன்ர கொதிகலன் வெடிச்சு எங்கட நிலமெல்லாம் சுட்ட கிழமை. அப்பிடி எழுதும்."

அன்று வீட்டுக்குப் போனபோது தம்பி தன் வழக்கறிஞரிடம் போய் வந்து குசினியில் இருந்தான்.

"அக்கா, விசாரிக்கிறவை அங்க நடந்ததுக்கெல்லாம் மாதம் கேக்கினம்" என்றான். "மழை பெய்துகொண்டிருந்தது, பங்கருக்குள்ள தண்ணி நிண்டது. அதுதான் எனக்குத் தெரியும். மாதம் பிழைச்சா பொய் எண்டு எழுதுவினமாம்."

"சாப்பிட்டனியே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றான். சாப்பிடவில்லை என்று பானையைப் பார்க்கத் தெரிந்தது.

கார் கழுவும் இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தபின், சிலவேளை என்னை ஏற்ற அந்த யூனிற்றுக்கு வருவான். அவருக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவனுக்காகத் தட்டுப் போடச் சொல்வார். அவன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, காரில் ஏறியதும் சொல்வான்: "இது பாட்டே அக்கா? ஆரோ கோவிச்சுக்கொண்டு பாத்திரம் கழுவின மாதிரிக் கிடக்கு." எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தத் தடித்த கம்பியின் இழுவை, வக்கூம் பிடிக்கும்போது எனக்கே தெரியாமல் என் வாய்க்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

புத்தகம் 2012 கடைசியில் வந்தது. தடித்த, பளபளப்பான புத்தகம். பிரித்து அவர் மடியில் வைத்தேன். அவரால் பக்கம் புரட்ட முடியவில்லை, நான் புரட்டினேன். மாதக்கணக்காக நாங்கள் அடித்து அனுப்பியதில் இரண்டு பந்திகள் இருந்தன. லோன்றியின் கொதிகலன் இருந்தது. மற்றதெல்லாம் அந்தப் பழைய காதலன் தன் வாயால் சொன்ன கதை: அவன் தொடங்கினான், அவன் கண்டுபிடித்தான், அவன் லண்டனுக்குக் கொண்டுபோனான். நடுவில் ஒரு படம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், நடுவில் உறை மடித்தபடி குனிந்திருக்கும் இளம்பெண். கீழே மற்ற எல்லாருடைய பெயரும் இருந்தது. கடைசியில், அந்த இளம்பெண்ணான இவருக்கு மட்டும் 'ஒரு நண்பி' என்று போட்டிருந்தது.

எனக்குத்தான் கோபம் வந்தது. "எழுதுவம்" என்றேன். "இப்பவே அவருக்கு எழுதுவம். நான் அடிக்கிறன்."

"வேண்டாம், லவ்" என்றார். "மூடிவையும். தேத்தண்ணி போடும்."

அவர் அழவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மூன்று முறை நான் போனபோது குளிக்க மறுத்துவிட்டார். முகத்தைத் துடைத்துவிட்டால் போதும் என்றார்.

2013 தொடக்கத்தில், அந்தப் பழைய பாண்ட் மறுபடி ஒன்றுசேர்ந்து மெல்பேர்னுக்கு வந்தது. பழைய காதலனும் கூடவே வந்தான். இவருக்கு ரிக்கெற்றுகள் அனுப்பி, கச்சேரிக்கு முன் பின்னேரம் வந்தால் ஆற அமரப் பேசலாம் என்று எழுதியிருந்தான்.

"போகவேணுமோ?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு விருப்பமெண்டா தம்பி கூட்டிக்கொண்டு போவான்."

நகரத்துக்கு வடக்கே, ஒரு பழைய மண்டபம். முன்வாசலில் செங்குத்தான படிகள். வாசலில் நின்ற பெட்டை, வெளியே போகும்போது அவர் இருக்கும் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, பின்பக்கம் போகச் சொன்னாள். பின்னால் சாமான் இறக்கும் பெரிய இரும்புக் கதவு இருந்தது. குப்பைத்தொட்டிகளைத் தாண்டித் தம்பி நாற்காலியைத் தள்ளினான்.

"பரவாயில்லை" என்றார் அவர். "நான் எப்பவும் இந்தக் கதவாலதான் போறனான். பெட்டி தூக்கிக்கொண்டு."

உள்ளே வெறும் மண்டபம். மேடையில் நரைத்த மனிதர்கள் வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். உயரமான, முதுகு வளைந்த, இரண்டு காதிலும் கருவி மாட்டிய ஒருவர் இறங்கி எங்களிடம் வந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார் என்பதுதான் எனக்கு முதலில் பட்டது. புத்தகத்தைப் படித்தபோது நான் மனதில் வைத்துத் திட்டிய ஆள் வேறுமாதிரி இருந்தான்.

"நீ அப்படியே இருக்கிறாய்" என்றார்.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொல்லு" என்றார் இவர்.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். கொஞ்சநேரம் யார்யார் செத்துப்போனார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவரே, "புத்தகம் கிடைச்சதா?" என்று கேட்டார்.

"கிடைச்சது. நான் ஒரு நண்பியாம்."

"அதை நான் எழுதவில்லை."

"தெரியும். அச்சுக்குப் போகமுதல் நீ வாசிச்சாய்தானே?"

"வாசிச்சேன்."

"பிறகு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்குப் படவே இல்லை. உண்மையாகத்தான் சொல்றேன். அது பிழையென்று எனக்குப் படவே இல்லை."

இவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் உண்மை என்பது இவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் முகம் அப்படி வாடியது.

பிறகு அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கம்பனி மறுபடி வெளியிட விரும்புகிறது. அதற்கு, ஸ்ரூடியோவில் முதன்முதல் பதிந்த மூல ஒலிநாடாக்கள் வேண்டும். லண்டன் களஞ்சியத்தில் இருந்தவை தொலைந்துவிட்டன. ஆரம்பகாலத்துச் சிலது இவரிடம் இருக்குமோ என்று ஒரு எண்ணம்.

"அதுதானா இந்த ரிக்கெற்?"

"அதுக்கும்தான்" என்றார் அவர்.

இவர் சத்தமாகச் சிரித்தார். மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இருக்கு. எல்லாம் என்ர கொரிடோரிலதான் இருக்கு. இந்தப் பிள்ளை மூண்டு வருஷமா அதைச் சுத்தித்தான் வக்கூம் பிடிக்குது. வந்து ஏத்திக்கொண்டு போ. எனக்கு நடக்க இடம் கிடைக்கும்."

"நிபந்தனை ஏதாவது?"

"எனக்கு அலுத்துப்போச்சு. கொண்டு போ."

நான் வாயைத் திறக்கும் இடமில்லை அது. வாடிக்கையாளர்களின் சொந்த விஷயங்களில் தலையிடக்கூடாது என்று ஏஜென்சியில் படித்துப் படித்துச் சொல்வார்கள். ஆனாலும் என் வாய் திறந்துவிட்டது.

"இவ எல்லாத்தையும் எழுதிவைச்சிருக்கிறா" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். "முழுக் கதையும் என்னட்ட இருக்கு. நான்தான் அடிச்சனான். தட்டுகளோட உள்ளுக்குள்ள ஒரு கடதாசி வைப்பீங்கள்தானே? அதில இதைப் போடுங்கோ."

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "நீங்கள்...?"

"இவதான் அடிச்சுத் தந்தது" என்றார் இவர். "பேரைக் கேட்டு எழுது. இன்னொரு நண்பி வேண்டாம்."

அவர் சட்டைப்பையில் பேனை தேடினார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இரண்டுதரம் பிழையாக எழுதி, மூன்றாம் தரம் சரியாக எழுதினார்.

புறப்படமுதல், வெறும் மண்டபத்தில் இவருக்காக ஒரு பாட்டு வாசித்தார்கள். நான் முதன்முதல் அந்த யூனிற்றில் கேட்ட பாட்டுத்தான். ஏசியவரின் குரல் மட்டும் கிழண்டிப்போயிருந்தது. இவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "ட்ரம் கூடிப்போச்சு" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் குறைத்தார்கள். முடிந்ததும் என் கையைத் தொட்டு, "வீட்டை போவம், லவ். ஒண்டு காணும், போதும்" என்றார்.

"கச்சேரி இனித்தானே அக்கா தொடங்கும்" என்றான் தம்பி. வேலையில் லீவு கேட்டு வந்தவன். அவனுடைய முகத்தில் உண்மையான ஏமாற்றம் இருந்தது.

மறுநாள் வான் வந்தது. தம்பியும் கூட நின்று ஏற்றினான். ஒலிநாடாக்கள் பழசாகி ஒட்டிப்போயிருக்கும், மெல்லிய சூட்டில் வாட்டித்தான் ஓடவிட முடியும் என்று அவர் விளக்கினார். "மீன் பொரிக்கிற மாதிரியோ?" என்று இவர் கேட்டார். பெட்டிகள் போனபின் கொரிடோரில் ஒரு நீளத்துக்குக் காப்பெற் புதுசுபோல் பச்சையாக இருந்தது. இவர் நடைவண்டியோடு அதன்மேல் ஒருமுறை போய் வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். நான் போகாத நாள் ஒன்றில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிற்றைத் துப்புரவாக்கித் திருப்பிக் கொடுக்க நானும் தம்பியும் போனோம். ஏஜென்சி எனக்கு வேலைக்கு வேறு வீடு கொடுத்தது, அதில் ஒரு நாய் இருந்தது.

வருடக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து என் விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்தது. தட்டுகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள், கூடவே ஒரு சின்னப் புத்தகம். வேலை முடிந்து அப்படியே, சீருடையோடு, முதியோர் இல்லத்துக்குப் போனேன். அவர் நன்றாக மெலிந்துபோயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் இருந்து வாசித்தேன். நிறையக் குறைத்திருந்தார்கள். ஆனால் தாய் படுக்கையில் கிடந்தது இருந்தது. தொழிற்சாலைக்கு வான் ஓடியது இருந்தது. லோன்றிக்கு வந்தவர்கள் மேலே ஏறிவந்து உறை மடித்தது இருந்தது. முடிவில் அவருடைய பெயரும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயரும்.

ஓரிடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். 'எங்கள் விரலெல்லாம் பசை' என்று இருக்கவேண்டிய இடம் அது. நான் அடித்தபோது விரல் பக்கத்து எழுத்தில் பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினால் 'குளூ' என்ற பசை 'ஃபுளூ' என்ற புகைபோக்கியாகிவிடும். 'எங்கள் விரலெல்லாம் புகைபோக்கி' என்று அச்சாகியிருந்தது. ஒருவரும் திருத்தவில்லை.

"ஏன் நிப்பாட்டினீர்?"

சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, தாதி எட்டிப்பார்க்கும்வரை சிரித்தார். "விடும், லவ்" என்றார் கண்ணைத் துடைக்க முடியாமல். நான் துடைத்துவிட்டேன். "இனி ஆராய்ச்சி செய்யிறவங்கள் அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பாங்கள்."

மிச்சத்தை வாசிக்கமுதல் நித்திரையாகிவிட்டார். பெட்டியை அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அந்த அறையில் இசைத்தட்டுப் போடும் மெஷின் இல்லை.

வெளியே காருக்குள் தம்பி சீற்றைச் சரித்துப் படுத்திருந்தான். அவனுடைய விசா முடிவு இன்னும் வரவில்லை. விசாரணையில் மறுபடி மாதம் கேட்டார்களாம், மறுபடி மழை என்று சொன்னானாம்.

"என்னவாம்?" என்றான்.

"சிரிச்சவ" என்றேன்.

"பாட்டுப் போட்டனீங்களே?"

"இல்லை. அங்க மெஷின் இல்லை."

அவன் காரை எடுத்தான். எனக்கு அடுத்த நாள் காலை நாய் வீட்டில் வேலை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.